கை அசையும் முன்பே வயிறு விழித்துக்கொள்கிறது, தெரியுமா?

ஒரு கையைச் சட்டென்று முன்னால் நீட்டித் தூக்குங்கள். தூக்கிவிட்டீர்களா? அந்தக் கையைத் தூக்கிய தோள் தசை வேலையைத் தொடங்கும் முன்பே, உங்கள் அடிவயிற்றின் ஆழத்தில் இன்னொரு தசை இறுகத் தொடங்கிவிட்டது, தெரியுமா? நீங்கள் அதற்கு உத்தரவிடவில்லை. அப்படி ஒரு தசை இருப்பதையே நம்மில் பலர் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் கை கிளம்பினால் உடம்பு ஆடும், முதுகெலும்பைப் பிடித்துக்கொள் என்று மூளை முன்கூட்டியே அதற்குச் செய்தி அனுப்பிவிடுகிறது. எல்லாம் ஒரு நொடியின் நூறில் சில பங்குக்குள்!

இதைக் கண்டுபிடித்தவர்கள் பிசியோதெரபிஸ்டுகள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் பால் ஹாட்ஜஸும் கரோலின் ரிச்சர்ட்சனும், முதுகுவலி தெரியாத 15 பேரையும் முதுகுவலிக்காரர்கள் 15 பேரையும் நிற்க வைத்து, மெல்லிய கம்பி மின்முனைகளை வயிற்றுத் தசைகளுக்குள் செலுத்தி, கையை அசைக்கச் சொல்லிப் பார்த்தார்கள். 1996-ல் முடிவு வெளியானது. டிரான்ஸ்வெர்சஸ் அப்டாமினிஸ் என்கிற அந்த ஆழ்தசை, வலி இல்லாதவர்களிடம் கை எந்தத் திசையில் போனாலும் முந்திக்கொண்டது. வலிக்காரர்களிடம் அது தாமதமாக வந்து சேர்ந்தது. இத்தனைக்கும் தசை அங்கேயேதான் இருக்கிறது. நேரத்துக்கு வராததுதான் கோளாறு!

இன்று பிசியோதெரபிஸ்டின் அறையில் பாய் விரித்து பிலாட்டீஸ் செய்பவர்களும், பெரிய பந்தின்மேல் உட்கார்ந்து ஒரு காலைத் தூக்கிப் பார்ப்பவர்களும் மீட்க முயல்வது இந்த நேரக்கணக்கையும் சேர்த்துத்தான். கண்ணாடி முன் நின்று பார்க்கிற 'சிக்ஸ் பேக்' வேறு சங்கதி. அது வெளியில் தெரியும் தசை. நாம் பேசப்போவது வெளியில் தெரியாதவற்றைப் பற்றி.

தனியாக நின்றால் ஒன்பது கிலோவுக்கே வளையும்!

நம் இடுப்பு முதுகெலும்பைத் தசைகள் எதுவும் இல்லாமல், எலும்பும் டிஸ்க்கும் தசைநார்களும் மட்டுமாக நிறுத்தி மேலிருந்து அழுத்தினால் எவ்வளவு எடை தாங்கும் என்று நினைக்கிறீர்கள்? ஐம்பது கிலோ? நூறு? ஆய்வகத்தில் அளந்து பார்த்ததில் சுமார் 90 நியூட்டனிலேயே, அதாவது ஏறக்குறைய ஒன்பது கிலோ எடையிலேயே, அது துவண்டு வளைந்துவிட்டது. ஒரு சின்ன அரிசிப்பை! ஆனால் அதே முதுகெலும்பு உயிருள்ள உடம்பில் நம் தலை, கை, மார்பு எல்லாவற்றையும் சுமந்துகொண்டு, கூடவே மளிகைப் பையையும் தூங்கும் குழந்தையையும் சுமக்கிறது. திருவிழாவுக்கு நட்ட உயரமான மூங்கில் கம்பத்தை நாலு பக்கமும் கயிறு கட்டி இழுத்து நிறுத்துவதுபோல, தசைகள் அதைச் சுற்றிலும் பிடித்து நிறுத்துகின்றன.

இந்த ஆய்வுகளில் முக்கியமான பெயர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மனோகர் பஞ்சாபி. முதுகெலும்பின் உறுதி மூன்று விஷயங்களின் கூட்டு வேலை என்று அவர் 1992-ல் எழுதினார்: எலும்பும் தசைநாரும் ஒன்று, தசைகள் ஒன்று, இவற்றை ஓட்டும் நரம்பு மண்டலம் ஒன்று. மூன்றில் ஒன்று தளர்ந்தால் மற்ற இரண்டும் ஈடுகட்டப் பார்க்கும். இன்றும் பிசியோதெரபி மாணவர்கள் இதைப் படித்துவிட்டுத்தான் நகர்கிறார்கள்.

சரி, கயிறுகளை எவ்வளவு இறுக்க வேண்டும்? இங்கேதான் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. நிமிர்ந்து இயல்பாக நிற்கும்போது நடுவுடல் தசைகள் தங்கள் முழுப் பலத்தில் 2 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் செலவழிக்கின்றன! உடம்பில் 32 கிலோ ஏற்றிப் பார்த்தபோதும் 3 சதவீதத்தை எட்டவில்லை. 1997-ல் சொலெவிக்கி, பஞ்சாபி குழுவினர் கொடுத்த கணக்கு இது. பல்லைக் கடித்து, மூச்சடக்கி, வயிற்றைக் கல்லாக்கிக்கொண்டு செய்தால்தான் பயிற்சி என்று எண்ணுபவர்கள் இந்த எண்ணை ஒருமுறை மறுபடியும் படியுங்கள். நாள் முழுக்க ஓயாமல் கொஞ்சமாக இறுகி இருக்கத் தெரிவதுதான் இந்தத் தசைகளின் திறமை.

மூச்சுவிடும் தசைக்கு முதுகில் என்ன வேலை?

'கோர்' என்றதும் எல்லோரும் வயிற்றைத் தொட்டுக் காட்டுகிறார்கள். மேலே உதரவிதானம், கீழே இடுப்புத்தளத் தசைகள், முன்னும் பக்கவாட்டிலும் டிரான்ஸ்வெர்சஸ், பின்னால் முள்ளெலும்புகளை ஒட்டினாற்போல் மல்டிஃபிடஸ். இந்த நாலும் சேர்ந்ததுதான் அது. உதரவிதானம் நாம் மூச்சு இழுப்பதற்கான தசை என்றுதானே பள்ளியில் படித்தோம்? கையைத் தூக்கும் முன் அதுவும் இறுகுகிறது என்று ஹாட்ஜஸ் குழு 1997-ல் காட்டியது. மூச்சுக்கும் அதுதான், முதுகைத் தாங்கவும் அதுதான்!

சிறுநீரைப் பிடித்துவைக்கும் இடுப்புத்தளத் தசைகளின் கதை இன்னும் வியப்பு. ஆஸ்திரேலியாவில் 38,050 பெண்களின் விவரங்களை அலசி 2006-ல் ஓர் ஆய்வு வந்தது. முதுகுவலியோடு நெருங்கிய தொடர்பு உடல் பருமனுக்கு இருக்கும், உடலுழைப்புக் குறைவுக்கு இருக்கும் என்றுதானே நாம் ஊகிப்போம்? அவற்றைவிட வலுவான தொடர்பு மூச்சுக் கோளாறுகளுக்கும் சிறுநீர்க் கசிவுக்கும் இருந்தது! தும்மினால், சிரித்தால் சிறுநீர் கசிகிறது என்பதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு முதுகுவலிக்கு மட்டும் மருந்து தேடும் அக்காமார்கள், அம்மாமார்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்! பிசியோதெரபிஸ்டிடம் இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டுக்கும் பயிற்சி உண்டு. கூச்சத்துக்கு இதில் இடமே இல்லை.

வலி போய்விட்டது, தசை மட்டும் திரும்பி வரவில்லை

முதுகு பிடித்துக்கொண்டது, இரண்டு வாரம் அவதிப்பட்டோம், பிறகு சரியாகிவிட்டது. அத்தோடு முடிந்தது என்றுதான் நினைக்கிறோம். குயின்ஸ்லாந்தின் இன்னொரு பிசியோதெரபிஸ்ட் ஜூலி ஹைட்ஸ், முதன்முறையாக முதுகுவலி வந்தவர்களின் மல்டிஃபிடஸ் தசையை அல்ட்ராசவுண்ட் மூலம் அளந்து பார்த்தார். வலி எந்தப் பக்கமோ அந்தப் பக்கத் தசை மெலிந்திருந்தது. சரி, வலி போனபின்? வலி போனது, நடமாட்டம் திரும்பியது, ஆனால் அந்தத் தசை தானாகப் பழைய நிலைக்கு வரவில்லை! அதைக் குறிவைத்துப் பயிற்சி செய்தவர்களுக்கே வந்தது.

அப்புறம் அவர் அவர்களை விடாமல் பின்தொடர்ந்தார். ஒரு வருடத்துக்குள் வலி மறுபடி வந்தவர்கள், பயிற்சி எடுத்தவர்களில் 30 சதவீதம், எடுக்காதவர்களில் 84 சதவீதம். மொத்தமே 39 பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் 'வலி இல்லையே, இனி எதற்குப் பயிற்சி?' என்று பாதியில் நிறுத்துகிற நமக்கெல்லாம் இந்த எண் கண்ணைத் திறக்க வேண்டாமா?

விண்வெளி வீரர்களுக்கும் இதே மல்டிஃபிடஸ்தான் தலைவலி என்றால் நம்புவீர்களா? எடையில்லாத இடத்தில் முதுகைத் தாங்க வேண்டிய வேலையே இல்லை. சர்வதேச விண்வெளி நிலையத்தில் நான்கு முதல் ஏழு மாதம் இருந்துவிட்டுத் திரும்பிய ஆறு நாசா வீரர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில், இடுப்பை ஒட்டிய முதுகுத் தசைகளின் வேலை செய்யும் பகுதி சராசரியாக 19 சதவீதம் சுருங்கியிருந்தது. பூமிக்கு வந்து ஆறு வாரத்துக்கு மேலான பிறகும் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்குதான் மீண்டிருந்தது. உடம்பில் நோயில்லாத, தினமும் பயிற்சி செய்கிற வீரர்களுக்கே இந்தக் கதி!

இன்னும் உள்ளே போகலாமா? மூளைக்கே போய்விடலாம். நம் ஒவ்வொரு தசையையும் இயக்க மூளையின் மேற்பரப்பில் ஒரு பகுதி இருக்கிறது. விட்டுவிட்டு முதுகுவலி வருபவர்களிடம் டிரான்ஸ்வெர்சஸ் தசைக்கான பகுதி இடம் மாறியிருப்பதை ஹென்றி சாவோ, ஹாட்ஜஸ் குழு 2008-ல் கண்டது. இரண்டு வாரம் அந்தத் தசையைக் கவனமாக, தனியாக இயக்கப் பழகியவர்களுக்கு அது வலியற்றவர்களின் இடத்தை நோக்கி நகர்ந்தது! ஒப்பீட்டுக்காக வெறுமனே நடைப்பயிற்சி செய்தவர்களுக்கு அப்படி நகரவில்லை. மல்லாந்து படுத்து, விரல் நுனியால் அடிவயிற்றைத் தொட்டுக்கொண்டு, மெல்ல மெல்லச் செய்கிற, பார்ப்பவர்களுக்கு ஒன்றுமே நடக்காததுபோல் தோன்றுகிற அந்தப் பயிற்சி, மூளையில் இடம் மாற்றி வைக்கிறது. எனக்கு இந்தத் துறையில் இதைவிடப் பெரிய ஆச்சரியம் இல்லை.

நோஞ்சான் சிறுவனும் முள்வேலி முகாமும்

பிலாட்டீஸ் என்பது ஒரு மனிதரின் குடும்பப் பெயர், தெரியுமா? ஜோசப் பிலாட்டீஸ் 1883-ல் ஜெர்மனியின் மென்ஷென்கிளாட்பாக் நகரில் பிறந்தவர். ஆஸ்துமா, ரிக்கெட்ஸ், ருமாட்டிக் காய்ச்சல் என்று நோய்களோடு வளர்ந்த பிள்ளை. அந்த உடம்பை வைத்துக்கொண்டு ஜிம்னாஸ்டிக்ஸ், குத்துச்சண்டை எல்லாம் பழகினார். 1912 வாக்கில் இங்கிலாந்து போனார். 1914-ல் உலகப்போர் மூண்டதும், ஜெர்மன்காரர் என்பதால் பிடித்து அடைத்தார்கள். முதலில் லங்காஸ்டர், பிறகு ஐரிஷ் கடலில் இருக்கும் மான் தீவின் நாக்கலோ முகாம். இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் முள்வேலிக்குள் அடைபட்டிருந்த இடம் அது. அங்கேதான் தன் பயிற்சி முறையைச் சக கைதிகளுக்குச் சொல்லிக்கொடுத்து வளர்த்தார். படுக்கையிலிருந்து எழ முடியாதவர்களுக்காகக் கட்டில் ஸ்பிரிங்குகளைக் கழற்றிப் பயிற்சிக் கருவியாக்கினார் என்றும் சொல்வார்கள். இன்று பிலாட்டீஸ் கூடங்களில் ஸ்பிரிங் பூட்டிய ரிஃபார்மர் என்ற நீண்ட கட்டிலைப் பார்க்கிறவர்களுக்கு அந்தக் கதை சட்டென்று பொருந்திப்போகும்.

1926-ல் அமெரிக்கா போய் நியூயார்க்கின் எட்டாவது அவென்யூவில் மனைவி கிளாராவோடு கூடம் தொடங்கினார். முதலில் மொய்த்தவர்கள் யார் தெரியுமா? நடனக்காரர்கள்! ஜார்ஜ் பாலன்சின், மார்த்தா கிரஹாம் போன்ற பெரிய ஆசான்கள் அடிபட்ட தங்கள் கலைஞர்களை இவரிடம் அனுப்பினார்கள். தன் முறைக்கு அவர் வைத்த பெயர் 'கன்ட்ராலஜி', அதாவது கட்டுப்பாட்டுக் கலை. 1945-ல் அவர் எழுதிய நூலில் பாயில் செய்யும் பயிற்சிகள் மொத்தம் 34. அதில் முதலாவது 'ஹண்ட்ரட்'. ஐந்து எண்ணும்வரை மூச்சை இழு, ஐந்து எண்ணும்வரை விடு, ஒவ்வோர் எண்ணுக்கும் கையை மேலும் கீழும் அசை. பத்து மூச்சில் நூறு அசைவு. 1967-ல், 83 வயதில் அவர் இறந்தார். பிலாட்டீஸ் என்ற பெயர் தங்களுக்கு மட்டுமே சொந்தம் என்று வர்த்தக முத்திரை வைத்திருந்தவர்கள் வழக்காடினார்கள். 2000-ல் நியூயார்க் நீதிமன்றம் இது எல்லோருக்கும் பொதுவான சொல் என்று தீர்ப்பளித்துவிட்டது.

ஒரு நுணுக்கம் சொல்கிறேன். ரிஃபார்மரில் ஸ்பிரிங்கைக் குறைத்தால் சுலபமாகிவிடும் என்றுதானே தோன்றும்? வயிற்றுக்கான சில பயிற்சிகளில் நேர் எதிர்! ஸ்பிரிங் குறையக் குறைய அதன் நகரும் பலகை நழுவும், தாங்குவதற்கு உங்கள் நடுவுடல் மட்டுமே மிஞ்சும்.

அந்தப் பெரிய பந்து முதலில் யாருக்கு?

கைக்குழந்தைகளுக்கு! 1963-ல் இத்தாலியப் பிளாஸ்டிக் உற்பத்தியாளர் அக்விலினோ கொசானி இந்தப் பெரிய காற்றடைத்த பந்தைத் தயாரித்தார். ஸ்விட்சர்லாந்தில் பணியாற்றிய பிரிட்டிஷ் பிசியோதெரபிஸ்ட் மேரி குவிண்டன், பச்சிளம் குழந்தைகளின் சிகிச்சையிலும், பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளின் சிகிச்சையிலும் அதைக் கொண்டுவந்தார். பிறகு பாசல் நகரின் பிசியோதெரபிப் பள்ளியை நடத்திய சூசன்னே கிளைன்-ஃபோகல்பாக், எலும்பு மூட்டுப் பிரச்சினை உள்ள பெரியவர்களுக்கு அதைப் பழக்கினார். அங்கே போய்ப் பார்த்த அமெரிக்க பிசியோதெரபிஸ்டுகள் ஊர் திரும்பி அதை 'ஸ்விஸ் பால்' என்றார்கள். ஆக, இத்தாலியில் பிறந்த பந்துக்கு ஸ்விட்சர்லாந்தின் பெயர்! ஜோசப் பிலாட்டீஸ் உருவாக்கிய கருவிகளில் இந்தப் பந்து இல்லவே இல்லை. இரண்டையும் ஓர் அறைக்குள் சேர்த்து வைத்தவர்கள் பின்னால் வந்தவர்கள்.

பந்து என்ன செய்கிறது? ஆடுகிறது, அவ்வளவுதான். ஆடும்போதெல்லாம் நரம்பு மண்டலம் திருத்தம் செய்தபடியே இருக்க வேண்டும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் மெக்கில் குழு, தரையிலும் பந்திலும் ஒரே வயிற்றுப் பயிற்சியைச் செய்யவைத்து அளந்தது. பந்தின்மேல் வயிற்றுத் தசைகள் தெளிவாகவே கூடுதலாக உழைத்தன.

அப்படியானால் ஆபீஸ் நாற்காலியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பந்திலேயே உட்கார்ந்துவிடலாமா? வேண்டாம்! நெதர்லாந்தில் ஒரு மணி நேரம் தட்டச்சு செய்யவைத்து ஒப்பிட்டார்கள். பந்தில் இருந்தவர்களின் உடல் அதிகம் அசைந்தது உண்மை. ஆனால் அவர்களின் முதுகெலும்பு நாற்காலிக்காரர்களைவிட அதிகமாகவே அமுங்கி உயரம் குறைந்தது. கனடாவில் நடந்த இன்னோர் ஒப்பீட்டில், பந்தில் நெடுநேரம் உட்கார்ந்தவர்கள் அசௌகரியமாக இருக்கிறது என்றார்கள். பந்து பயிற்சிக்கு உரியது. சில நிமிடம் முழுக் கவனத்தோடு, பிறகு இறங்கிவிட வேண்டும்.

அளவும் விளையாட்டல்ல. கடைகளில் 45, 55, 65, 75, 85 சென்டிமீட்டர் என்று கிடைக்கும். ஐந்தடி முதல் ஐந்தடி ஏழங்குலம் வரை உள்ளவர்களுக்கு 55 பொதுவாகப் பொருந்தும், அதற்கு மேல் ஆறடி வரை 65. உட்கார்ந்தால் பாதம் முழுதாகத் தரையில் பதிய வேண்டும், இடுப்பு முழங்காலுக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ இருக்க வேண்டும். வீட்டில் அனைவரும் ஒரே பந்தைப் பயன்படுத்தலாம் என்று பெரியதாக ஒன்றை வாங்கிப் போடுவது வீண். இன்னொன்று: காற்று கொஞ்சம் குறைவாக இருந்தால் பந்து தரையில் அகலமாகப் பதிந்து நிதானமாக இருக்கும், இறுக அடித்தால் ஆட்டம் கூடும். புதிதாகத் தொடங்குபவருக்குத் தளர்வான பந்தே நல்லது.

வெடிக்குமா? வெடிக்கும்! 2009-ல் அமெரிக்காவில் சுமார் 30 லட்சம் பயிற்சிப் பந்துகளைத் திரும்பப் பெற்றார்கள். அளவுக்கு மீறிக் காற்றடித்தால் வெடிக்கின்றன என்று 47 புகார்கள் வந்திருந்தன. அதே வருடம் கூடைப்பந்து வீரர் பிரான்சிஸ்கோ கார்சியா, பந்தின்மேல் படுத்து இரு கைகளிலும் கனமான டம்பெல்களைத் தூக்கியபோது பந்து வெடித்து முன்கை எலும்பை முறித்துக்கொண்டார். 'ஆன்டி-பர்ஸ்ட்' என்று அச்சிட்ட பந்தையே வாங்குங்கள். அது ஓட்டை விழுந்தாலும் மெல்ல இறங்கும். அடுப்பு, ஆணி, மொட்டைமாடி வெயில் இவற்றிலிருந்து தள்ளி வையுங்கள்.

பிசியோதெரபிஸ்டின் கண் ஏன் வேண்டும்?

யூடியூப் வீடியோவில் இல்லாத எதை அவர் தருகிறார் என்று கேட்கிறவர்களுக்கு ஒரு காட்சி. உங்களை மல்லாந்து படுக்கவைத்து, இடுப்புக்கும் மேசைக்கும் நடுவே ஒரு காற்றுப் பையை வைப்பார். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவிபோல அதில் ஒரு முள் இருக்கும். 40-ல் நிறுத்துவார். மடக்கிய காலை மெல்ல நீட்டுங்கள் என்பார். கால் நகரும்போது முள் 40-லேயே நின்றால் உங்கள் நடுவுடல் முதுகெலும்பைப் பிடித்திருக்கிறது. சரேலென இறங்கினால் முதுகு வளைந்துவிட்டது, ஏறினால் முதுகை அழுத்தித் தள்ளுகிறீர்கள். வீடியோவுக்கு இது தெரியவே தெரியாது! சில இடங்களில் அல்ட்ராசவுண்ட் திரையில் உங்கள் டிரான்ஸ்வெர்சஸ் தசை தடிப்பதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். பிரசவமான பெண்களுக்கு வயிற்றின் நடுக்கோடு பிரிந்திருக்கிறதா என்று தொட்டு அளந்தபிறகே பயிற்சியைத் தேர்ந்தெடுப்பார்.

பிறகு படிப்படியாக ஏற்றுவார். முதலில் தரையில் மூச்சோடு சேர்ந்த சின்ன அசைவுகள். அப்புறம் பந்தில் உட்கார்ந்து இடுப்பை முன்னும் பின்னும் உருட்டுவது, ஒரு பாதத்தைத் தூக்குவது. கால்களைப் பந்தின்மேல் வைத்து இடுப்பைத் தூக்கும் 'பிரிட்ஜ்' என்றால் முதலில் பந்து முழங்காலுக்குக் கீழே இருக்கும். நாளாக ஆகக் கணுக்காலுக்கு நகரும். அந்த ஒரு சாண் நகர்த்தலில் பயிற்சி எவ்வளவு கடினமாகிறது என்பதைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். உதடு இறுகினாலோ மூச்சு நின்றாலோ உடனே ஒரு படி இறக்கிவிடுவார். மூச்சடக்கிச் செய்தால் உதரவிதானத்துக்கு அதன் இரட்டை வேலை பழகாதே!

ஆபத்தான இடமும் உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. எலும்பு மெலிவு நோய் உள்ள பெண்களை வைத்து மேயோ கிளினிக் 1984-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. முன்னால் குனிந்து சுருளும் பயிற்சிகளைச் செய்தவர்களில் 89 சதவீதம் பேருக்கு முள்ளெலும்பில் புது முறிவுகள்! பின்னால் நிமிரும் பயிற்சிகளைச் செய்தவர்களில் 16 சதவீதம்தான். பிலாட்டீஸின் மூலப் பயிற்சிகளில் பல, சுருண்டு எழுவதும் உருளுவதும்தான். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு மெலிந்த ஒருவர் அவற்றை வீடியோ பார்த்து அப்படியே செய்யலாமா? கூடவே கூடாது. பிசியோதெரபிஸ்ட் அவற்றை நீக்கிவிட்டு மீதியைக் கொடுப்பார்.

நேரமும் பாருங்கள். இரவு தூங்கும்போது டிஸ்க்குகள் நீரை உறிஞ்சி உப்புகின்றன. அதனால்தான் காலையில் நாம் மாலையில் இருப்பதைவிட ஒன்றரை சென்டிமீட்டர் போல உயரமாக இருக்கிறோம்! உப்பிய டிஸ்க்கை வளைத்தால் அதன்மேல் விழும் சுமை அதிகம். விடியற்காலையில் முதுகை வளைத்துக் குனிவதைத் தவிர்த்த நாள்பட்ட முதுகுவலிக்காரர்களுக்கு வலி குறைந்தது என்று 1998-ல் ஓர் ஆய்வு சொன்னது. எழுந்த கையோடு வயிற்றுப் பயிற்சி வேண்டாம். முதுகுவலி உள்ளவர்கள் எழுந்தவுடன் வாசலில் இடுப்பை வளைத்துக் கோலம் போடுவதையும் கொஞ்ச நேரம் தள்ளிப்போடலாம்.

'டிஸ்க் பல்ஜ்' என்று எழுதிய எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அசையவே பயப்படுகிறவர்களுக்கு ஒரு சேதி. வலியே இல்லாத 20 வயதுக்காரர்களை ஸ்கேன் எடுத்தால் 30 சதவீதம் பேருக்கு அந்த பல்ஜ் இருக்கிறது. வலியே இல்லாத 80 வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருக்கிறது! 2015-ல் ஆயிரக்கணக்கானோரின் ஸ்கேன்களைத் தொகுத்துச் சொன்ன கணக்கு இது. ரிப்போர்ட்டில் இருக்கும் வார்த்தையை நரையைப்போல வயதின் அடையாளமாகவும் எடுத்துக்கொள்ளலாம் என்று மருத்துவர் சொன்னால் நம்புங்கள். இடுப்பு பெல்ட்? நாள்பட்ட சாதாரண முதுகுவலிக்கு அதை வழக்கமாகத் தர வேண்டாம் என்றும், பயிற்சித் திட்டங்களைத் தரலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் சொல்லிவிட்டது.

பிலாட்டீஸ்தான் எல்லாவற்றையும்விடச் சிறந்ததா? பத்து ஆய்வுகளைத் தொகுத்த 2015-ஆம் ஆண்டின் காக்ரன் மதிப்பீடு, பெரிதாக ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட அது வலியையும் இயலாமையையும் குறைக்கிறது என்றது. மற்ற பயிற்சிகளைவிட மேல் என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றும் சொன்னது. 217 ஆய்வுகளைக் கோத்த 2021-ஆம் ஆண்டின் தொகுப்பில் பிலாட்டீஸ் முன்வரிசையில் வந்தது. கோர் தசைகளுக்கு இவ்வளவு முக்கியத்துவம் தேவையா என்று கேட்கும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். என் முடிவு இதுதான்: எந்தப் பயிற்சியை நீங்கள் பயமில்லாமல், சரியாக, விடாமல் செய்வீர்களோ அதுவே உங்களுக்கு நல்லது. பிலாட்டீஸும் பந்தும் மெதுவானவை, தரையிலேயே தொடங்குபவை, வலிக்குப் பயந்தவர்களையும் அரவணைத்து அழைத்துப்போகக்கூடியவை. அந்த ஒன்றுக்காகவே நான் அவற்றின் பக்கம்.

உலகில் 2020-ல் 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு முதுகுவலி இருந்தது. 2050-ல் அது 84.3 கோடியாகும் என்று கணித்திருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் நீங்களும் ஒருவரானால் இதைச் செய்யுங்கள். சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனாலோ, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனாலோ, கால் வலுவிழந்தாலோ, முதுகுவலியோடு காய்ச்சலோ காரணமில்லாத எடைக்குறைவோ இருந்தாலோ, விழுந்து அடிபட்டிருந்தாலோ பயிற்சி, பந்து எதுவும் வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இவை எதுவும் இல்லையென்றால் ஒரு பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பிசியோதெரபிப் பிரிவு இருக்கிறது. படுக்கையிலிருந்து வர முடியாதவர்களுக்கு 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வருகிறார். போகும்போது பழைய ஸ்கேன், சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு, எந்த வேலை செய்தால் வலி கூடுகிறது என்ற குறிப்பு மூன்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பந்து வேண்டுமா, எந்த அளவில் வேண்டும் என்பதை அவர் பார்த்துச் சொன்னபிறகு வாங்கிக்கொள்ளலாம்.